ஒன்பதாம் பக்கத்துச் செருப்பு

விஜயகுமாரியின் செருப்பு ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது என்று அவளுக்குச் சொன்னவன் கௌதம். அதுவரை அது தன் வீட்டு முன்னறையில், மேசை மேல் இருப்பதாகத்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஆம்பூர் ரெட்டித்தோப்பில் வீடு. பத்தொன்பது வருஷம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருந்தவள். வெளிநாட்டு ஆர்டர் கம்மியாகி, ஒருநாள் லைனையே மூடிவிட்டார்கள். கைக்கு வந்த பணத்தில் ஒரு பழைய மிஷின் வாங்கிப் போட்டு, சர்க்கரை நோய்க்காரர்களுக்கான செருப்பு தைக்க ஆரம்பித்தாள். ஊரில் அதற்கு சுகர் செருப்பு என்று பெயர். மேலே மெத்தென்ற தோல், அடியில் அழுத்தினால் அமுங்கும் ரப்பர். எங்கேயும் ஆணி கிடையாது. காலில் உணர்ச்சி போனவர்களுக்கு ஒரு சின்ன ஆணி ஒரு விரலையே கொண்டுபோய்விடும். அதனால் ஒவ்வொரு ஜோடியையும் டப்பாவில் போடுமுன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்ப்பாள். பழைய லைனில் அவளுக்குப் பக்கத்து மிஷினில் உட்கார்ந்திருந்த தேவகியும் கூட வந்து தைத்தாள்.

‘சர்வசந்தை’ என்கிற ஆன்லைன் சந்தையில் ‘விஜி சுகர் செருப்பு’ என்று போட்டு விற்றார்கள். மூன்று வருஷமாக மாதத்துக்கு முப்பது, முப்பத்தைந்து ஜோடி போய்க்கொண்டிருந்தது. பெரிய வியாபாரம் இல்லை. இரண்டு வீட்டில் அடுப்பு எரிந்தது.

அந்த நவம்பரில் பதினொரு ஜோடிதான் போனது. தேவகி ஏற்கெனவே சுற்றிவைத்த நூலைப் பிரித்து மறுபடி சுற்றிக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் விஜயகுமாரி சர்வசந்தையின் உதவி எண்ணுக்கு ஃபோன் போட்டாள். அங்கே ஃபோனை எடுப்பவர்களுக்கு ‘வெற்றித் தோழர்’ என்று பதவி. இருபது நிமிஷம் பாட்டு கேட்டபிறகு அவளுக்கு வாய்த்த வெற்றித் தோழன் கௌதம்.

“உங்க செருப்பு சூப்பரா இருக்கு மேடம். ஆனா இல்ல.”

“இல்லன்னா இன்னா தம்பி?”

“கண்ணுக்குத் தெரியல மேடம். சுகர் செருப்புன்னு தேடினா ஒன்பதாவது பக்கத்துல வருது. எந்தக் கஸ்டமரும் ரெண்டாவது பக்கத்தத் தாண்டி வர்றதில்ல.”

“போன மாசம் எத்தனாவது பக்கத்துல இருந்துச்சி? நல்லாத்தானே போச்சி?”

“போன மாசத்த நாங்க வெச்சிக்கிறதில்ல மேடம். எங்க கம்பெனி எப்பவும் முன்னாடி பாக்குற கம்பெனி.”

அதற்கு அவனிடம் ஒரு மருந்து இருந்தது. ‘முன்வரிசை’. பணம் கட்டினால் செருப்பு முதல் பக்கத்துக்கு வந்துவிடும். யாராவது திரையில் அதைத் தொட்டுப் பார்த்தால் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு தொகை கழியும். வாங்கினாலும் கழியும், வாங்காவிட்டாலும் கழியும்.

“வாங்காதவங்களுக்கும் நான் ஏன் தம்பி குடுக்கணும்?”

“அவங்க வாங்காததுக்கு நாங்க பொறுப்பில்ல மேடம். பாத்ததுக்குத்தான் நாங்க பொறுப்பு.”

இதில் ஒரு நியாயம் இருப்பதுபோலத்தான் அப்போது பட்டது. கட்டினாள்.

டிசம்பரில் பதினெட்டு. ஜனவரியில் முப்பத்துமூன்று. பிப்ரவரியில் முப்பத்துநான்கு. கௌதம் தானே ஃபோன் செய்து வாழ்த்து சொன்னான்.

“முன்னயும் இவ்ளோதான தம்பி போயினு இருந்துச்சி?”

“முன்ன அது தானா வந்தது மேடம். இப்ப நாம கொண்டு வர்றோம். தானா வர்றத நம்பி தொழில் பண்ண முடியுமா?”

நாம் கொண்டுவருவதற்கு ஆன செலவு, தேவகியின் வாரக்கூலியில் பாதி. வேறு எங்கேயும் அதை எடுக்க வழியில்லை. ஒரு சனிக்கிழமை, டீ குடித்துக்கொண்டிருந்தபோது விஜயகுமாரி டம்ளரைப் பார்த்தபடியே சொன்னாள். “தேவகி, கொஞ்ச நாளைக்கு மூணு நாள் மட்டும் வர்றியா?”

தேவகி “சரிக்கா” என்றாள். மீதி மூன்று நாளுக்கு பேர்ணாம்பட்டு பக்கத்தில் ஒரு கையுறை கம்பெனிக்கு பஸ் ஏறிப்போக ஆரம்பித்தாள். ஆக, செருப்பு முன்வரிசைக்கு வந்தது, செருப்பைத் தைத்தவள் பஸ்ஸில் நின்றுகொண்டு போனாள்.

மார்ச்சில் கௌதம் மறுபடி கூப்பிட்டான். முன்வரிசைக்கு நிறையப் பேர் வந்துவிட்டதாகவும், அதனால் முன்வரிசையில் இருப்பவர்கள் இப்போது பின்னால் இருப்பதாகவும் சொன்னான். அவர்களுக்காகக் கம்பெனி மனமிரங்கி ‘பொன் முன்வரிசை’ என்று ஒன்றைத் திறந்திருந்தது.

பக்கத்து வீட்டு ஆபித் பாஷாவிடம் இதைச் சொன்னாள். தோல் பெல்ட் செய்து அதே சந்தையில் விற்கிறவர். அவள் தைக்கும் தோலும் அவர் வாங்கித் தருவதுதான்.

“முன்வரிசைன்னா தியேட்டர்ல தரை டிக்கெட்டும்மா” என்றார் அவர். “கழுத்துதான் வலிக்கும். ஆனா எனக்கும் சொல்லிட்டான். நானும் கட்டிட்டேன். வேற இன்னா பண்றது?” அவளும் கட்டினாள்.

ஏப்ரல் முதல் வாரத்தில், டப்பா மேல் இருந்த நம்பரைப் பார்த்துத் திமிரியிலிருந்து ஒரு ஃபோன் வந்தது. பேசியவர் கோதண்டராமன். தாலுகா ஆபீஸில் எழுத்தராக இருந்து ரிட்டயரானவர். மூன்றாவது ஜோடி வாங்கப்போகிறாராம். முதல் ஜோடி போட்ட பிறகுதான் குதிகால் புண் ஆறியதென்று நன்றி சொன்னார்.

“எப்படி சார் எங்க செருப்பக் கண்டுபிடிக்கிறீங்க? ஒன்பதாவது பக்கத்துல இருந்துச்சாமே.”

“பக்கமா? அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. விஜி சுகர் செருப்புன்னு பேரப் போடுவேன். வந்துரும். தினமும் காலைல காபி குடிச்சதும் ஒரு தடவ தொட்டுப் பாத்துருவேன். வெல எதுனா கொறஞ்சிருக்கான்னு. பழகிப்போச்சு. சாமி படத்தப் பாக்குற மாதிரி.”

விஜயகுமாரி ஒரு பேனாவை எடுத்துக்கொண்டாள். “எத்தன மாசமா சார்?”

“பொங்கல்லருந்தேன்னு வெச்சிக்கோயேன். சில நாள் கண்ணாடி போடாம ரெண்டு மூணு தடவ அமுத்திருவேன்.”

ஃபோனை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். கோதண்டராமனின் பக்திக்கு அவள் கட்டிய பணத்தில் அவருக்கு இரண்டு ஜோடி இனாமாகவே கொடுத்திருக்கலாம். திரும்ப அவருக்கே ஃபோன் செய்தாள். “சார், தப்பா நெனச்சிக்காதீங்க. வாங்குற அன்னிக்கி மட்டும் பாருங்க சார். சும்மா பாக்காதீங்க.”

அவர் கொஞ்சம் மனசு நொந்துதான் போனார். “பாக்குறதுல இன்னாம்மா இருக்கு?” என்றார்.

கௌதமைக் கூப்பிட்டாள். “தம்பி, எம் பேரப் போட்டு என்னைத் தேடுறாரு ஒருத்தரு. அவருக்கு என்னைக் காட்டுறதுக்கு நான் உங்களுக்குக் காசு குடுக்கணுமா?”

“கண்டிப்பா மேடம். உங்க பேர நீங்க எடுக்கலன்னா வேற யாராவது எடுத்துருவாங்க. இப்பவே ஒருத்தர் எடுத்திருக்காரு.”

“எம் பேரையா? யாரு?”

“பேர் சொல்லக்கூடாது மேடம், ரகசியம். ஒரு பெல்ட் வியாபாரி.”

ஆம்பூரில் பெல்ட் வியாபாரிகள் நிறைய. ஆனால் விஜயகுமாரி நேராக ஆபித் பாஷா வீட்டுக்குப் போனாள். அவர் வாசலில் பெல்ட்டுக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தார்.

“பாய், எம் பேர நீங்க வாங்கிட்டீங்களா?”

“அல்லா! உங்க பேர நான் வாங்கி இன்னாம்மா பண்ணப்போறேன்?”

அவர் ஃபோனை எடுத்து இருவரும் பார்த்தார்கள். ‘தானியங்கி’ என்று ஒரு பட்டன் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. அதை அழுத்தச் சொன்னது கௌதம். அவருக்கும் அவன்தான் வெற்றித் தோழன். அந்தப் பட்டன் அவர் பணத்தை எடுத்து, விஜி சுகர் செருப்பு என்று தேடுகிறவர்களுக்கெல்லாம் பெல்ட்டைக் காட்டிக்கொண்டிருந்தது. பிறகு விஜயகுமாரியின் ஃபோனைப் பார்த்தார்கள். அதிலும் பச்சை. அவள் பணம் தோல் பெல்ட் என்று தேடுகிறவர்களுக்குச் செருப்பைக் காட்டிக்கொண்டிருந்தது. ஒரு பட்டன் தொகையை ஏற்ற, அதைப் பார்த்து மற்றது ஏற்ற, இரண்டு பேருடைய தொகையும் மாதாமாதம் ஏறியிருந்தது. நடுவில் இருந்தது ஒரு செங்கல் சுவர்.

“காலுக்குத் தேடுறவனுக்கு இடுப்பக் காட்டுறான், இடுப்புக்குத் தேடுறவனுக்குக் காலக் காட்டுறான்” என்றார் ஆபித் பாஷா. “பேஜார் புடிச்ச கம்பெனிம்மா.” கோபம்கூட வரவில்லை அவருக்கு. உள்ளே திரும்பி இரண்டு டீ சொன்னார்.

நிறுத்திவிடலாம் என்று அப்போதே தோன்றியது. ஆனால் பயம். நவம்பரின் அந்தப் பதினொன்று கண்முன்னே நின்றது. மறுநாள் தேவகி வந்ததும் விஜயகுமாரி அதைத்தான் சொன்னாள். “நிறுத்திட்டா மறுபடி பதினொண்ணுக்குப் போய்டும் தேவகி. நிறுத்தலன்னா உன்ன ரெண்டு நாளுக்குத்தான் கூப்பிட முடியும். எனக்கு ஒண்ணும் புரியல.”

தேவகி பையிலிருந்து ஒரு பழைய டைரியை எடுத்தாள். ஷூ கம்பெனியில் பீஸ் கணக்கு எழுதிப் பழகிய கை. தைத்து அனுப்பும் ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு கோடு போட்டுவைப்பது அவள் வழக்கம். யாரும் கேட்டதில்லை, அவளும் காட்டியதில்லை.

“போன நவம்பர்ல பதினொண்ணு. அதுக்கு முந்தின நவம்பர் பத்து. அதுக்கும் முன்னாடி பன்னெண்டு. எல்லாத் தையிலயும் முப்பதுக்கு மேல ஏறிடுது. மழைல யாருக்கா தோல் செருப்பு வாங்குவா?”

விஜயகுமாரி டைரியை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். பத்தொன்பது வருஷம் லைனில் இருந்தவளுக்கு, நவம்பரில் மழை பெய்யும் என்பதைக் கோடு போட்டுக் காட்டவேண்டியிருந்தது.

“இத ஏன்டி முன்னயே சொல்லல?”

“நீங்க ஃபோன்ல பெரிய ஆளுங்களோட பேசினு இருந்தீங்க. நான் இன்னா சொல்றது?”

அன்றைக்கே பச்சைப் பட்டனை அணைத்தாள். ஆபித் பாஷாவும் அணைத்தார். கௌதம் ஒரு நாளில் பதினாலு தடவை கூப்பிட்டான். அவள் இருட்டில் நிற்கப்போவதாகச் சொன்னான். தன் பேரை அநாதையாக விடுவதாகச் சொன்னான். கடைசியில், “என் டார்கெட்டாவது நெனச்சிப் பாருங்க மேடம்” என்றான். அதுதான் அவன் சொன்னதில் அவளுக்கு உடனே புரிந்த ஒரே விஷயம்.

ஏப்ரலில் முப்பத்தொன்று போனது. மே மாதம் முப்பது. பணம் கட்டிய மாதங்களைவிட மூன்று நான்கு ஜோடி கம்மி, அவ்வளவுதான். அந்த மூன்று நான்கு ஜோடிக்குத்தான் அவ்வளவும் கட்டியிருக்கிறாள். ஆபித் பாஷாவுக்கு மட்டும் அடி. பணம் கட்டியபோது வாரத்துக்கு நாலு பெல்ட் போனது, நிறுத்தியதும் ஒன்றுகூடப் போகவில்லை. அவர் பேரைப் போட்டுத் தேட உலகத்தில் ஆளில்லை. “உங்கள தெரியும், என்னைத் தெரியாது. அவ்ளோதாம்மா விசயம்” என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி கட்ட ஆரம்பித்தார். தேவகி ஆறு நாளும் வந்தாள்.

ஜூனில் சர்வசந்தையிலிருந்து ஓர் அழைப்பிதழ் வந்தது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டத்துக்கும் சேர்த்து ஏலகிரி மலையில் ‘வெற்றித் திருவிழா’. அதில் விஜயகுமாரிக்கு ‘முன்வரிசை நாயகி’ விருது.

“நான்தான் நிறுத்திட்டனே தம்பி?”

“பட்டியல் மார்ச் வரைக்கும் மேடம். ஒரு ஜோடி விக்க உங்க அளவுக்குச் செலவு பண்ணவங்க இந்த மூணு மாவட்டத்துலயே இல்ல.” கௌதம் இதை உண்மையான பெருமையோடுதான் சொன்னான்.

“போங்கம்மா” என்றார் ஆபித் பாஷா. “பெரிய ஆளுங்க வருவாங்க. அந்த டைரிய எடுத்துனு போய்க் கேளுங்க. நானும் வர்றேன்.”

பதினாலு கொண்டை ஊசி வளைவிலும் ஆபித் பாஷா கண்ணை மூடிக்கொண்டே வந்தார். மேலே ஒரு ரிசார்ட்டில் பந்தல். வாசலில் எல்லாருக்கும் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டிவிட்டார்கள். விருது வாங்கும் விஜயகுமாரிக்குப் பொன்னிறப் பட்டை, ஆபித் பாஷாவுக்குச் சாதாரணப் பட்டை. பொன் பட்டைக்காரர்களுக்கு முதல் வரிசை நாற்காலி. ஒலிபெருக்கி அங்கேதான் இருந்தது.

மண்டல வளர்ச்சித் தலைவர் நிஷா என்கிறவர் பேசினார். சின்ன வயசு. நன்றாகவே பேசினார்.

“பலர் எங்களிடம் கேட்கிறார்கள், முன்வரிசையில் பணம் கட்டினால் விற்பனை கூடுமா என்று. நண்பர்களே, விற்பனை என்பது பழைய அளவுகோல். ஒரு பொருள் விற்றுவிட்டால் அதன் பயணம் முடிந்துவிடுகிறது. விற்காத பொருள்தான் தொடர்ந்து பார்க்கப்படுகிறது. பார்வைதான் இன்றைய செல்வம். சென்ற ஆண்டு உங்கள் விற்பனை நான்கு சதவீதம் வளர்ந்தது. ஆனால் உங்கள் விளம்பரச் செலவு அறுபது சதவீதம் வளர்ந்திருக்கிறது! இந்த வளர்ச்சி யாருடையது? நம்முடையது. வாடிக்கையாளர் இன்று வருவார், நாளை போய்விடுவார். எங்களைக் கைவிடாத வாடிக்கையாளர்கள் நீங்கள்தான்.”

பந்தல் கைதட்டியது. ஆபித் பாஷாவும் தட்டினார். பிறகு எதற்குத் தட்டினோம் என்று யோசித்து நிறுத்தினார்.

விஜயகுமாரியை மேடைக்குக் கூப்பிட்டு, பொன்முலாம் பூசிய ஒரு நாற்காலி பொம்மையைக் கொடுத்து, மைக்கையும் கொடுத்தார்கள். டைரியைப் பிரித்தாள்.

“எல்லாருக்கும் வணக்கம். நான் முன்வரிசைக்குப் பணம் கட்டினேன். முப்பத்துநாலு ஜோடி போச்சி. அப்புறம் நிறுத்திட்டேன். முப்பத்தொண்ணு போச்சி. மழைக் காலத்துல கொறஞ்சிருந்துச்சி, அது மழையால. அத என்னண்ட யாரும் சொல்லல. என்னைத் தேடி வர்றவங்களுக்கு என்னைக் காட்டத்தான் நான் காசு குடுத்துனு இருந்திருக்கேன். எங்கூட வேல செய்யிற பொண்ணோட கூலிலருந்து எடுத்துக் குடுத்தேன். புதுசா வர்றவங்களுக்கு, பேர் தெரியாதவங்களுக்கு இது கொஞ்சம் ஒதவலாம். அவங்களுக்கும் எவ்ளோ நாளைக்குன்னு நீங்க சொல்லணும். அதான் கேக்க வந்தேன்.”

விஜயகுமாரி பதிலுக்காக நின்றாள்.

நிஷா மைக்கை வாங்கிக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. “இந்த வெளிப்படைத்தன்மைதான் சர்வசந்தையின் பண்பாடு. ஒரு பெண் இவ்வளவு துணிச்சலாகப் பேசக்கூடிய மேடையை நாங்கள் உருவாக்கியிருக்கிறோம். எழுந்து நின்று கைதட்டுவோமா?”

எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள். பிறகு சாப்பாடு.

மூன்று வாரம் கழித்து அவளுடைய வீட்டுக்காரர் பூவரசன், தோல் பதனிடும் டேனரியில் ஷிப்ட் முடிந்து வந்ததும் வராததுமாக ஃபோனை நீட்டினார். “உன்ன போட்டிருக்கான் பாரு.” பாட்டுக்கும் சமையல் வீடியோவுக்கும் நடுவில் அவள் வந்தாள். கையில் பொன் நாற்காலி. “நான் முன்வரிசைக்குப் பணம் கட்டினேன். முப்பத்துநாலு ஜோடி போச்சி. புதுசா வர்றவங்களுக்கு, பேர் தெரியாதவங்களுக்கு இது ஒதவும்.” ‘கொஞ்சம்’ காணாமல் போயிருந்தது, ‘ஒதவலாம்’ எப்படியோ ‘ஒதவும்’ ஆகியிருந்தது. நல்ல தையல்காரி வைத்த ஒட்டுபோல இணைப்பே தெரியவில்லை. மழையும் தேவகியும் அதில் இல்லை. கீழே ‘விஜயகுமாரி, வெற்றி பெற்றவர்’ என்று ஓடியது.

எடுக்கச் சொல்லிக் கேட்டாள். அழைப்பிதழின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் அதற்கு அவள் சம்மதித்திருந்ததாகச் சொன்னார்கள்.

அதற்கப்புறம் வாணியம்பாடி, குடியாத்தம், மேல்விஷாரம் என்று எங்கெங்கேயோ இருந்து ஃபோன்கள். பர்ஸ் செய்கிறவர்கள், ஊறுகாய் போடுகிறவர்கள். “கட்டலாமாக்கா?” ஒவ்வொருவருக்கும் ஆரம்பத்திலிருந்து பொறுமையாகச் சொன்னாள். மழையைச் சொன்னாள், திமிரிக்காரரைச் சொன்னாள், தானியங்கி பட்டனைச் சொன்னாள். எல்லாரும் கடைசிவரை கேட்டார்கள். “ஆனா வீடியோல வேற மாதிரி சொன்னீங்களேக்கா” என்றார்கள். பிறகு போய்க் கட்டினார்கள். பத்துப் பன்னிரண்டு பேருக்குப் பிறகு அவளுக்கு வாய் வலித்தது. “யோசிச்சி செய்யிங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வைக்க ஆரம்பித்தாள்.

செப்டம்பரில் ஒரு மத்தியானம், ரப்பர் தகடு வெட்டிக்கொண்டிருந்தபோது கௌதமின் எண் வந்தது. எடுக்காமல் விட்டாள். மறுபடி வந்தது. எடுத்தாள்.

“அக்கா, நான் கௌதம்.”

மேடம் என்று சொல்லாததால் வேறு யாரோ என்று நினைத்தாள். “சொல்லு தம்பி. நான் எதுவும் கட்டுறதா இல்ல.”

“அதுக்கில்லக்கா. என்னை வேலைலருந்து எடுத்துட்டாங்க. எங்க டீம் முழுசாவே. இனிமே கம்ப்யூட்டரே பேசிக்குமாம்.”

விஜயகுமாரி கத்தியைக் கீழே வைத்தாள். ஒரு லைனை மூடும்போது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். “சாப்டியாப்பா?” என்று கேட்டாள்.

“சாப்ட்டேன்க்கா. ஒண்ணு கேக்கணும். வேல தேடுற சைட்ல பேரு போட்டு வெச்சிருக்கேன். ரெண்டு மாசமா ஒரு ஃபோன்கூட வரல. என் பயோடேட்டா முப்பதாவது பக்கத்துல இருக்காம். பணம் கட்டினா முன்னாடி கொண்டு வர்றேங்கறாங்க. கட்டலாமாக்கா?”

மிஷின் சத்தம் நின்றது. தேவகி நிமிர்ந்து பார்த்தாள்.

“உன்ன பேரச் சொல்லித் தேடுற கம்பெனி எதுனா இருக்குதாப்பா?”

“இல்லக்கா. யாருக்கும் என்னைத் தெரியாது.”

“அப்ப ஒரே ஒரு மாசம் கட்டிப் பாரு. வரலன்னா நிறுத்திடு.”

“சரிக்கா.”

“நிறுத்துனதும் ஒருத்தன் ஃபோன் பண்ணுவான். நல்லா பேசுவான். எடுக்காத.”